நட்சத்திரக் குறிக்குக் கீழே ஒரு வரி

1

இந்தக் கதை என் பல் பிரஷ்ஷில் தொடங்குகிறது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடல், படகு, அலை என்று கொஞ்சம் கம்பீரமாகத் தொடங்க மூன்று முறை முயன்றேன். மூன்று தாள்களும் அடுப்புக்குப் போயின.

சனிக்கிழமை விடிகாலை. மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. என் கணவர் சின்னமுத்து பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஏ வக்கீலம்மா, உன் பிரஷ்ஷக் கொண்டா."

"நேத்துத்தான வாங்குனேன்!"

"அதான் கேக்குறேன். மரை தேய்க்கப் புது முடிதான் ஆகும். நீ என்னோடத வச்சுக்க."

"உங்களோடதுல நாலு முடிதான் நிக்குது."

"பல்லுக்கு நாலு போதும். இரும்புக்குத்தான் பத்தாது."

கொடுத்தேன். பிறகு மூன்று பசைகளை மேசையில் வைத்தார். ஒரு சிவப்பு டியூப், ஒரு வெள்ளை டப்பா, ஒரு கறுப்பு டப்பா. இங்கிலீஷில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்வது என் வேலை. பதின்மூன்று வருடங்களாக அப்படித்தான்.

"செகப்பு எவ்வளவு தாங்கும்னு போட்டிருக்கான்?"

"முந்நூறு டிகிரி."

"வெள்ள?"

"ஐந்நூறு."

"ஐந்நூறா?"

"ஐந்நூறுதான். பெருசாப் போட்டிருக்கு."

"சரி. வெரசாப் போகணும், அந்த டிரைவர் என்னைய விட்டுட்டுப் போயிருவான்."

"கறுப்ப வாசிக்கலயே?"

"அதுல லேபிளே கெடையாது. என்னத்த வாசிப்ப?" சிரித்தார். என் பிரஷ்ஷைச் சட்டைப் பையில் பேனாபோலச் செருகிக்கொண்டு போனார்.

மறுநாள் நண்பகலில் அவர் இல்லை.

2

என்னைப் பற்றி ஒரு பத்தி. கதைசொல்லியை நம்பலாமா என்று வாசிப்பவர் எடைபோட வேண்டும் அல்லவா.

என் பெயர் பாண்டீஸ்வரி. போடியில் மனு, பத்திரம், ஒப்பந்தம் எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். 'வக்கீலம்மா' என்பது அதனால் கேலியாக வந்த பெயர். ஒப்பந்தங்களில் பெரிய எழுத்து ஆசைகாட்டும். சிறிய எழுத்தில்தான் விஷயம் இருக்கும். ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி* இருந்தால் தாளின் அடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இருபது வருடங்களாக வருகிறவர்களுக்கெல்லாம் இதை நான் சொல்லியிருக்கிறேன்.

(* நீங்கள் இப்போது கீழே பார்த்தீர்கள். நான் அன்று பார்க்கவில்லை. ஏன் என்று ஐந்தாம் பகுதியில் வரும்.)

3

போடி மலையில் படகு எஞ்சின் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

போடிமெட்டுச் சரிவில் விஜயகுமார் என்பவருக்கு ஏலத்தோட்டம். பறித்த பச்சைக் காயை அன்றன்றே ஸ்டோரில், அதாவது உலர்த்தும் கட்டடத்தில், அனலில் காயவைக்க வேண்டும். மழைக்காலத்தில் கரண்டு நாள்கணக்கில் வராது. தூத்துக்குடியில் உடைத்த ஒரு மீன்பிடிப் படகின் டீசல் எஞ்சினை மலிவாக வாங்கி அவர் மலையேற்றினார். அது கரண்டும் கொடுக்கும். அதன் புகைக்குழாயை உலர்த்தும் அறையின் தரைவழியே கொண்டுபோனால் அனலும் கொடுக்கும். தூத்துக்குடியில் பதினெட்டு வருடம் படகு எஞ்சின் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த என் கணவரைக் கூப்பிட்டார்.

முதல் வருடம் என் கணவர் ஒரு தப்பு செய்தார். கடலில் இருந்து மலைக்கு வந்த ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. படகில், எஞ்சினை விட்டு வெளியே வரும் புகையோடு கடல்தண்ணீரைக் கலந்துவிடுவார்கள். புகை அங்கேயே குளிர்ந்துவிடும். அதனால் குழாய் மூட்டுகளில் சணலும் பசையும் வைத்து முடுக்கினால் போதும், வருடக்கணக்கில் நிற்கும். மலையில் கடல் ஏது? புகை காய்ந்த நெருப்பாக வந்தது. அவருடைய கை பழக்கத்தில் சணலைச் சுற்றிவிட்டது. இரண்டாம் நாள் சணல் கருகி மூட்டு கசிந்தது. ஏலக்காய் பக்கத்தில் எது இருந்தாலும் அந்த வாசனையை வாங்கிக்கொள்ளும். அன்று உலர்ந்த காய் முழுக்க டீசல் நாறியது; வாங்க வந்தவர் ஒரு காயை உடைத்து முகர்ந்து, மூட்டையைத் திரும்பக் கட்டச் சொன்னார்.

பழிபோட நிறையப் பேர் இருந்தார்கள். எஞ்சின் பழசு. குழாய் மட்டமான சரக்கு. அவர் முதலாளி முன்னால் போய் நின்று, "எம்மேல தப்பு. கடல்னு நெனச்சுட்டேன்" என்றார். அவ்வளவுதான். விஜயகுமார் இதை என்னிடம் சொல்லும்போது, "அதுக்கு மேல நான் என்னத்தம்மா பேச? சண்டைக்குன்னு ரெடியாகி வந்த ஆளு நான்" என்றார்.

மரை என்றால் என்ன என்று என் கணவர்தான் எனக்கு விளக்கினார். இரும்புக் குழாயின் முனையில் சுற்றிச் சுற்றி வெட்டிய பள்ளம். ஒன்றுக்குள் ஒன்றை எவ்வளவு முடுக்கினாலும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் மயிரிழை வழி மிச்சமிருக்கும். "நம்ம போடிமெட்டு ரோடுதான். வளைஞ்சு வளைஞ்சு போனாலும் மேல போய்ச் சேந்துரும்ல? பொகையும் அப்படித்தான் ஏறி வெளிய வரும். வளைவுல ஒரு பாறை விழுந்தா ஜீப்பு நின்னுரும். அந்தப் பாறைதான் பசை." எந்தப் பாறை எந்த வெயிலுக்கு உடையும் என்பதுதான் அவருடைய அடுத்த ஒரு வருடக் கவலை.

அவர் மூட்டுப் போடுவதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். மரையைத் துலக்குவார். முதல் சுற்றை வெறுமையாக விட்டுவிட்டு இரண்டாம் சுற்றில் இருந்துதான் பசை தடவுவார். பசை குழாய்க்குள் போய்விடக்கூடாது. பிறகு முன்னால் திருகமாட்டார். முதலில் பின்னால் திருகுவார். மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு. 'டக்' என்று மரையோடு மரை உட்காரும் ஒரு இடம் வரும். அதன் பிறகுதான் முன்னால். முடுக்கி முடித்ததும் உளியால் மூட்டின் குறுக்கே ஒரு கோடு, பாதி இணைப்பின் மேலும் பாதி குழாயின் மேலும் விழும்படி. யாராவது திருகினாலோ, அதிர்வில் கழன்றாலோ கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுக்கும்.

அவர் ஒரு மகத்தான

(இந்த வரியை இப்படியே விட்டுவிடுகிறேன். அவர் குறட்டை விடுவார். என் தம்பி கல்யாணத்துக்குக் கிரீஸ் அப்பிய சட்டையோடு வந்து நின்றார். 'மகத்தான' என்று நான் அடித்தால், எட்டிப் பார்த்து "யாரு இது, எந்த ஆபீசரப் பத்தி அடிக்கிற?" என்பார்.)

4

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீளமாக எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் குழாய் மூட்டைப் போட்டு முடித்து எஞ்சினை ஓடவிட்டார். ஞாயிறு நண்பகல்வரை அது நிற்காமல் ஓடியது. ஸ்டோரில் வேலை பார்க்கும் ஆயம்மாள் சாப்பிடக் கூப்பிடப் போனபோது, எஞ்சின் அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துத் திரும்பிப் போய், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்திருக்கிறாள். ஜீப்பில் கீழே கொண்டுவந்தார்கள். டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். அறுத்துப் பார்க்க வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் யாரோ யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. "மூட்டு கசிஞ்சு பொக அடிச்சிருக்கும்ப்பா. அவன் போட்ட மூட்டே அவனத் தின்னுருச்சு."

அன்று கோபம் வந்தது. பயம் பதினாறாம் நாள் வந்தது.

5

பதினாறாம் நாள் விஜயகுமார் என் கணவருடைய பையைக் கொடுத்தனுப்பினார். உள்ளே லுங்கி, டார்ச், மூன்று பசைகள். பிரஷ் இல்லை.

வெள்ளை டப்பாவைக் கையில் எடுத்தேன். 500. பெரிய எழுத்து. அதன் தலைக்குப் பக்கத்தில், அச்சுப் பிசிறுபோல, ஒரு நட்சத்திரக் குறி. டப்பாவைத் திருப்பினேன். அடியில், எறும்பு வரிசைபோல ஒரு வரி. 'குறைந்த நேரத்துக்கு மட்டும். தொடர்ந்து பயன்படுத்தினால் 260.'

அந்தக் குழாய் நானூறைத் தாண்டும் என்று அவர் பலமுறை சொல்லியிருந்தார்.

மூடியைத் திறந்தேன். பசையில் ஒரு விரல் எடுத்த பள்ளம் இருந்தது.

என் முதல் பிரதியில் இந்த டப்பாவை வாசித்தது எங்கள் மகள் பவதாரணி. கோயம்புத்தூரில் இருந்து விடுமுறைக்கு வந்தவள், அவசரத்தில் நட்சத்திரத்தைக் கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தேன். கதை நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அழித்தேன். அவர் 'எம்மேல தப்பு' என்று சொன்னதை மூன்றாம் பகுதியில் மெச்சிவிட்டு, ஐந்தாம் பகுதியில் மகள்மேல் போடுவது எப்படி?

எனவே வாசிப்பவருக்குத் தெளிவாகச் சொல்கிறேன். இந்தக் கதை ஒரே ஒரு கேள்வியைத் தெரிந்துகொள்ள எழுதப்படுகிறது. அவர் எந்தப் பசையைப் போட்டார்? வெள்ளை என்றால், நான் வாசித்த ஐந்நூறுதான் அவரைச் சுவரில் சாய்த்தது.

6

அந்தப் பருவம் முழுக்க எஞ்சின் ஓடவில்லை. ஆள் விழுந்த அறை என்று ஒருவரும் உள்ளே போகவில்லை. விஜயகுமார் விறகு அடுப்பு வைத்துச் சமாளித்தார். அடுத்த ஆடியில் போன் செய்தார்.

"அம்மா, தேனில இருந்து பிரபுன்னு ஒரு ஃபிட்டர் வர்றாரு. மூட்டப் பூராப் பிரிச்சுப் புதுசாப் போட்டாத்தான் பொம்பளையாளுக உள்ள வருவேன்றாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் பிரிக்க எனக்கு மனசு வரல."

"நானும் வர்றேன். நான் வந்த பெறகு பிரிக்கச் சொல்லுங்க" என்றேன்.

கடையைச் சாத்திவிட்டு அதே விடிகாலை ஜீப்பில் ஏறினேன். பதினெட்டுப் பெண்களுக்கு நடுவில் முட்டி இடிக்க உட்கார்ந்து வளைவு வளைவாக ஏறினேன். மரைக்குள் போகும் புகை எப்படிப் போகும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

7

பிரபுவை முதலில் திமிர் பிடித்தவராக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு எதிராளி வேண்டியிருந்தது. உண்மையில் அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு எஞ்சின் அறைக்குள் போனார். குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உளிக்கோட்டைத் தடவினார்.

"யக்கா, இது யாரு போட்டது?"

"எங்க வீட்டுக்காரர்."

"இதப் பிரிக்கவா என்னைய வரச் சொன்னாக?" என்றவர், குழாய் திருகும் பைப் ரிஞ்சைத் தரையில் வைத்தார். "மொதல்ல கசியுதான்னு பாப்போம்."

புகைக்குழாயின் வெளிமுனையை அடைத்து, உள்ளே காற்றடித்து, மூட்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். கசிவு இருந்தால் கொப்புளம் கிளம்பும். பிரபுவும் விஜயகுமாரும் நானும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சோப்புநுரை மெல்ல வடிந்து கீழே சொட்டியது. ஒரு கொப்புளம்கூட இல்லை.

"குளுந்த இரும்பு பொய் சொல்லும்க்கா. சூட்டுலதான் நெசம் தெரியும். நாலு மணி நேரம் ஓடட்டும்."

கதவையும் ஜன்னல்களையும் விரியத் திறந்துவைத்தார். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்தது. அப்போது ஆயம்மாள் ஒரு முறத்தில் புதிதாகப் பறித்த பச்சைக் காயோடு வந்தாள். யாரும் சொல்லாமலே அதை மூட்டுக்கு நேர்கீழே ஒரு பெட்டிமேல் வைத்தாள். பிறகு முந்தானையால் தரையைத் தட்டிவிட்டு, அவர் சாய்ந்திருந்த அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஏ ஆயம்மா, எந்திரி! வெளிய வா" என்றேன்.

"நீங்களும் வந்து உக்காருங்க மதினி. போனா ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம். ஜீப்பு ஒருதடவ எறங்குனாப் போதும்ல."

"வாயக் கழுவு."

"அன்னைக்குத் தூங்குறாருன்னு நெனச்சுத் திரும்பிப் போனவ நானு" என்றாள், எஞ்சினைப் பார்த்துக்கொண்டே. "பொகையாலன்னா, அப்பவே நான் இழுத்து வெளிய போட்டிருக்கணும். எனக்கும் தெரியணும்ல, மதினி."

ஒரு வருடமாக நான் மட்டும்தான் இப்படி ஒன்றைச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன்*. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிரபு வாசலில் நின்று, "ரெண்டு பேரும் கதவுப் பக்கமாத் தள்ளி உக்காருங்க தாயி, என்னையப் போலீசுக்கு இழுத்துராதீக" என்றார்.

நாலு மணி நேரம் கழித்து ஆயம்மாள் முறத்தை வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். ஒரு காயை நகத்தால் கீறி மூக்கில் வைத்தாள். இரண்டாவது. மூன்றாவது. ஆறாவது காயை என் மூக்கில் வைத்தாள்.

ஏலக்காய் வாசனை. வேறொன்றும் இல்லை.

(* இந்த வரியின் நட்சத்திரத்துக்குக் கீழே சொல்ல ஒன்றும் இல்லை. நீங்கள் குனிந்து பார்க்கிறீர்களா என்று பார்த்தேன்.)

8

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் என் பிரஷ் கிடைத்துவிட்டது.

எஞ்சின் அறை ஜன்னல் விளிம்பில், முடி கறுத்துப் போய் இருந்தது. குழாய் ஆறியதும், கை சும்மா இருக்காமல், மூட்டுக்கு அப்பால் படிந்திருந்த தூசியை அதனால் துலக்கினேன். துலக்கத் துலக்க மூன்று பொட்டுகள் வெளிப்பட்டன. விரல் நுனியால் வரிசையாக வைத்த மூன்று பொட்டுகள்.

முதலாவது சிவப்பு, உப்பி வெடித்திருந்தது. இரண்டாவது வெள்ளை, பழுப்பேறிப் பொடியாகி, பிரஷ் பட்டதும் பாதி உதிர்ந்தது. மூன்றாவது கறுப்பு, கல்லாக இறுகிக் கிடந்தது. அதை நகத்தால் சுரண்டினேன். நகம்தான் ஒடிந்தது.

வெள்ளைக்குப் பக்கத்தில் ஆணியால் கீறி 500 என்று எழுதியிருந்தது. அதன்மேல் ஒரு குறுக்குக் கோடு.

பிரபுதான் விளக்கினார். "சூப்பர் மனுசன்க்கா. மூட்டப் போடுறதுக்கு முந்தி, பழைய மூட்டோடயே எஞ்சின கொஞ்ச நேரம் ஓட்டி, மூணையும் சுட்டுப் பாத்திருக்காரு. டப்பா சொல்றத அவரு நம்பல."

டப்பா சொன்னதை இல்லை. நான் சொன்னதை. பதின்மூன்று வருடங்களாக எத்தனை டப்பாக்கள், எத்தனை டியூப்கள் வாசித்திருப்பேன். கிளம்பும் அவசரத்திலும் உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார், தலையாட்டிக் கேட்பார். வேலைக்குப் போன இடத்தில் ஒவ்வொன்றையும் இரும்பில் தடவிச் சுட்டுப் பார்த்திருப்பார் போல. ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. என் வாசிப்பு அவருக்குத் தேவைப்படவே இல்லை என்றால், எதற்காக வாசிக்கச் சொன்னார்?

நான் அந்தக் குழாயின் பக்கத்தில் நின்றபடி சிரித்துவிட்டேன். ஆயம்மாள் பயந்துபோய் என் கையைப் பிடித்தாள்.

9

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருக்கின்றன.

முதல் முடிவில் பிரபு ரிஞ்சை மூட்டில் மாட்டுகிறார். "ஒரே நிமிசம்க்கா. உள்ள கறுப்பு இருந்துச்சுன்னா நீங்க நிம்மதியாப் போகலாம்" என்கிறார். நான் தலையசைக்கிறேன். மூட்டு கிறீச்சிட்டுக் கழல்கிறது. மரைப் பள்ளம் முழுக்கக் கறுப்பு. முதல் சுற்று மட்டும் வெறுமை. நான் அழுகிறேன். இதை எழுதி முடித்தபோது எனக்கே பிடித்திருந்தது.

இரண்டாம் முடிவில் நான் டாக்டரிடம் திரும்பப் போகிறேன், பழைய சீட்டைக் காட்டி மாரடைப்புதானா என்று இன்னொருமுறை கேட்கிறேன். அவர் என்ன சொல்வார் என்று எழுதத் தெரியவில்லை. பாதியில் நிற்கிறது.

நடந்தது இது. பிரபு அந்த 'ஒரே நிமிசம்' பேச்சைப் பேசியது உண்மை. ரிஞ்சை மாட்டியதும் உண்மை. பிடியில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். விஜயகுமாரும் என்னைப் பார்த்தார்.

"பிரிச்சுட்டா, திருப்பி இதே மாதிரி வருமா?" என்று கேட்டேன்.

பிரபு உளிக்கோட்டைப் பார்த்தார். "கசியாமப் போட்டுருவேன். ஆனா அது எம் மூட்டாத்தான் இருக்கும்."

"அப்ப வேண்டாம்."

"உள்ள என்ன பசைன்னு தெரிய வேணாமா, மதினி?" என்றாள் ஆயம்மாள்.

தெரியும் என்றும் சொல்லலாம், தெரியாது என்றும் சொல்லலாம். கசியவில்லை என்பது தெரியும். 500 என்பதை அவர் அடித்துவிட்டார் என்பது தெரியும். அவர் எதனால் போனார் என்பதைக் காகிதம் ஒன்று சொல்கிறது. காகிதத்தில் எழுதியிருப்பதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போதுதான் கற்றிருக்கிறேன். உங்களுக்கு அந்த மூட்டைப் பிரித்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், முதல் முடிவு மேலே இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். நான் அழிக்கவில்லை.

விஜயகுமார் மறுவாரம் எஞ்சினை ஓட்டத் தொடங்கினார். ஆயம்மாள் முதல் ஆளாக உள்ளே போனாள் என்று சொன்னார்கள். வாரம் ஒருமுறை அவள் எனக்குப் போன் செய்வாள். ஊர்க்கதை, மழை, தேவாரம் ஊர்ப் பக்கம் யானை இறங்கிய செய்தி எல்லாம் பேசிவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே கடைசியாக அதைச் சொல்லிவிட்டு வைப்பாள். நேற்றும் சொன்னாள்.

உளிக்கோடு ஒரே கோடாகத்தான் இருக்கிறது.